தாங்கும் அளவு

உங்கள் ஸ்டேஷனின் இந்த நாற்காலிக்கு ஒரு கால் மற்ற மூன்றைவிடக் குட்டை. உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. நீங்கள் காகிதம் எடுக்க உள்ளே போனபோது என் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை. உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. என் அக்கா இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பிரதி கொடுத்தீர்கள். முழுவதும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கம் ஏழாவது வரியில் மட்டும் ஒரு பிழை. ‘கணவர் உதைத்ததில் சாமான் அறையின் தாழ்ப்பாள் உடைந்தது’ என்று இருக்கிறது. அது உடையவில்லை. கழன்று வந்தது. உங்கள் ஆட்கள் தாழ்ப்பாளைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். அதன் ஸ்க்ரூக்களை யாரும் பார்க்கவில்லை.

இந்த நான்கு ஸ்க்ரூவையும் மேசை மேல் வைக்கிறேன். இவை நீளமானவை. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். வாளும் கேடயமும் எடுத்துக்கொண்டு அரக்கர்களோடு சண்டை போடுகிற கேம். அதில் வரும் ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்று முடிவு செய்வது என் வேலை. அலுவலகத்தில் என்னைத் தராசு என்பார்கள்.

நான்கு எண்கள் உண்டு. உயிர் என்பது மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. விழுகிற அடியில் எவ்வளவு உள்ளே போகாமல் நிற்கும் என்பது கவசம். எத்தனை அடி மேலே படாமலே போகும் என்பது விலகல். நான்காவது, கேடயத்தைத் தூக்கி அடியை நிறுத்தும் தடுப்பு. நான்கும் உயரமாக இருக்கக் கூடாது. நான்கும் உயர்ந்தவளை யாராலும் வீழ்த்த முடியாது. வீழ்த்த முடியாதவளை வைத்துக்கொண்டு யாரும் விளையாட மாட்டார்கள். அதனால் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். இதில் வன்மம் எதுவும் கிடையாது. சமன் செய்வது என்றால் அதுதான்.

எதிரி எவ்வளவு ஓங்கி அடிப்பான் என்பது என் கையில் இல்லை. அது பக்கத்து மேசைக்காரருடைய வேலை. அவருக்குப் பெயர் சுத்தியல். அவருடைய கோப்பை என் கணினியில் திறக்கக்கூட முடியாது. என்னுடையதை அவரும் திறக்க முடியாது. காரணம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்று என்பது எங்கள் விதி. இரண்டை ஒரே நாளில் மாற்றிவிட்டால், விளைவு எதனால் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஐந்து வருடத்தில் அலுவலகத்தில் அந்த விதியை நான் மீறியதில்லை.

போன வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு தலைவலி வந்தது. கேடயக்காரி என்றொரு பாத்திரம். பார்க்க நன்றாக இருப்பாள். யாரும் அவளை எடுப்பதில்லை. குழுத் தலைவி கூட்டம் போட்டாள்.

“கூட்டினா கல்லு மாதிரி நிக்கிறா, குறைச்சா கண்ணாடி மாதிரி உடையுறா. என்ன தராசு இது? அடி விழுந்தா ஆடறவனுக்கு வலிக்கணும். ஆனா எந்திரிச்சிடுவான்னும் தோணணும்.”

“எங்கிட்ட குடுங்க, ரெண்டே அடியில தீர்த்து வைக்கிறேன்” என்றார் சுத்தியல்.

“உங்கிட்ட யாரும் கேக்கல. நீ டீயைக் குடி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வலிக்கணும், எந்திரிச்சிடணும்.

எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே அக்காவும் அத்தானும். மேலே நான். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மெதுவாகப் பேசுவார். குடிக்க மாட்டார். என் குழாய் ஒழுகினால் நான் கேட்காமலே வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாலை வேலை முடிந்து வந்து, கிரீஸ் போகக் கைகழுவிவிட்டு அக்காவை அடிப்பார்.

ஆறு வருடமாக அது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. கூட்டம் நடந்த அன்று மாலைதான் முதல்முறையாக எண்ணினேன். பதினோரு அடி. ஒன்பது சின்னது, இரண்டு பெரியது. ஒன்பது சின்ன அடியிலும் அக்கா பேசிக்கொண்டேதான் இருந்தாள். பெரிய அடி விழுந்த இரண்டு முறையும் பேச்சு நின்றது. அதுவரை என் கணக்கில் கவசம் எல்லா அடியையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டிருந்தது. தவறு அங்கேதான் இருந்தது. உண்மையில் கவசம் சில்லறை அடிகளை விழுங்கிவிடும். ஓங்கி விழும் ஒன்றின் முன்னால் அது காகிதம்.

அத்தான் வெளியே போன பிறகு கீழே இறங்கினேன். அக்கா உதட்டில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பத்துக்கு எத்தனை?” என்றேன்.

“என்னது?”

“வலி. பத்துக்கு எத்தனை இருக்கும்?”

“இது என்னடா பரீட்சையா? மூணு போட்டுக்கோ. பாஸ் ஆயிட்டேனா?”

மூன்று என்று குறித்துக்கொண்டேன்.

நான் எதையும் அவளிடம் மறைக்கவில்லை. கேடயக்காரியைப் பற்றிச் சொன்னேன். படம் காட்டினேன். அவளுக்குப் பிடித்திருந்தது.

“இவளுக்குப் புருஷன் உண்டா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்குடா இவ்வளவு கவசம்?” என்றாள். பிறகு, “செத்துட்டா?”

“கடைசியா நின்ன இடத்திலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.”

“கொடுத்து வைச்சவ.”

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தோம். வாரத்துக்கு ஒரு மாற்றம். அதற்கு மேல் இல்லை.

முதல் வாரம் கவசம். அக்கா தையல் கூடத்தில் வேலை பார்த்தாள், காவலாளிகளுக்குச் சீருடை தைக்கும் இடம். பழைய சோபா மெத்தையின் ஃபோமை அறுத்து, தோளிலும் விலாவிலும் உள்ளே வைத்து வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு கோட் தைத்தாள். ஃபோமின் தடிமனை நான் சொன்னேன். அத்தான் கேட்டதற்குக் குளிர் என்றாள். இரண்டாம் வாரம் விலகல். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முடுக்கு இருந்தது. பெரிய அடி எல்லாம் அங்கேதான் விழுந்தது. ஃபிரிட்ஜைத் தள்ளி முடுக்கை அடைத்தேன். சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். இனி அவளால் சுற்றி வர முடியும். பதினோரு அடியில் நான்கு காற்றில் போயின. மூன்றாம் வாரம் தடுப்பு. இடது முன்கையை எந்தக் கோணத்தில் தூக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். அந்த வாரம் அவள் மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியது. கோணத்தைத் திருத்தினேன். அடுத்த வாரம் வீங்கவில்லை.

கடைசியாகச் சாமான் அறை. உள்ளே நின்று மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும். எங்கள் கேமில் ஐந்து வினாடி அடி விழாவிட்டால் உயிர் தானாக ஏறத் தொடங்கும். சாமான் அறைக் கதவுக்கு உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். பலகையைத் தாண்டி நிலைக்கட்டைக்குள் போய்ப் பிடிக்கும். அத்தான் உதைப்பார். ஒன்பதாவது உதையோடு களைத்துவிடுவார். பிறகு டிவி போடும் சத்தம் கேட்கும்.

ஒவ்வொரு முறையும் கீழே போய் எத்தனை என்று கேட்பேன். மூணு என்பாள். சில நாள் ரெண்டு. ஒரு நாள் மட்டும் யோசித்துவிட்டு, “நாலு வைச்சுக்கோ, பாவம், உனக்கும் ஒரு மாறுதல் வேணுமில்ல” என்றாள்.

நீங்கள் கேட்க நினைப்பது தெரிகிறது. அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களிடம் வந்திருக்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அது தாக்குதல் பக்கம். அதை நான் தொட்டால் என் எண்கள் எதுவும் செல்லாது. அடிக்கிறவரை நிறுத்திவிட்டு, அடி குறைந்தது கவசத்தால் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

கேடயக்காரி மாறினாள். சோதனைக்காக விளையாடுகிறவர்கள் அவளை விட்டு நகரவில்லை. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ விழுறப்போ எந்திரி எந்திரின்னு நானே கத்துறேன்” என்றார். குழுத் தலைவி என் மேசைக்கு வந்து, “எங்கேருந்துய்யா புடிச்ச இந்தக் கணக்க?” என்றாள். வீட்டில் பார்த்தேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்று அவள் புரிந்துகொண்டாள்.

பிறகு ஒரு மாதம் வீடு அமைதியாக இருந்தது. அடிக்கவே முடியாதவளை அடிக்க அத்தானுக்கு அலுத்துவிட்டது. வருவார், கைகழுவுவார், சாப்பிடுவார், படுப்பார். அக்காவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. மாடியில் துணி காயப்போடும்போது பாடினாள். கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கடைசி அரக்கன். கையில் சம்மட்டி வைத்திருப்பவன். முழு உயிரோடு இருக்கும் கேடயக்காரி மேல் அவனுடைய ஒரே ஒரு முழு அடி. அவள் விழ வேண்டும். எழவும் வேண்டும். அந்த ஓர் எண் கிடைக்கவில்லை. கேம் வெளிவர இருபது நாள்தான் இருந்தது. குழுத் தலைவி தினமும் வந்து என் மேசை ஓரத்தில் உட்காருவாள்.

செவ்வாய்க்கிழமை அக்கா மாடிக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“சனிக்கிழமை கிளம்புறேன்டா. கூடத்துக்கு வேற ஊர்ல கிளை தெறக்கிறாங்க. என்னை மேற்பார்வைக்குப் போடுறாங்க. ரெண்டு ரூம் வீடு பாத்துட்டேன். நீயும் வா. உன் கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கிட்டு எங்க வேணா உக்காந்து அடிக்கலாமில்ல?”

“அத்தானுக்குத் தெரியுமா?”

“நீ ஒருத்தன்தான். உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவேன்?” என்றாள். கதவருகே நின்று, “நீ இல்லேன்னா எனக்கு இந்தத் தைரியமே வந்திருக்காது” என்றாள்.

அவள் போன பிறகு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர், ஒரு மாத ஓய்வில் முழுதாக நிரம்பியிருந்தது. கவசம் வேண்டுமென்றால் பெட்டியில் இருந்தது. விலகல் உயரம். தடுப்பு உயரம். சனிக்கிழமைக்கு மேல் அடிப்பவரும் இல்லை. நான்கும் உயர்ந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. ஒன்றைக் குறைக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை இருவரும் வேலைக்குப் போன பிறகு, மேசை மேல் இருக்கும் இந்த நான்கு ஸ்க்ரூவையும் தாழ்ப்பாளிலிருந்து கழற்றினேன். அதே தலையுள்ள அரை அங்குல ஸ்க்ரூ போட்டேன். வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பலகையோடு நின்றுவிடும், நிலைக்கட்டையைத் தொடாது. ஒரு உதை தாங்காது. அக்காவின் உடம்பில் நான் எதையும் குறைக்கவில்லை. கோட்டைக்கூடத் தொடவில்லை. முழு உயிர், ஒரு அடி. அந்த அளவு அவள் தாங்குவாள் என்று ஏழு மாதத் தாள் சொன்னது.

மாலை ஆறு பத்துக்கு அத்தான் வந்தார். அன்று கைகழுவவில்லை. நான் தரையில் காது வைத்துப் படுத்திருந்தேன். வலதுகையில் ஸ்டாப் வாட்ச். அவர் ஏதோ மெதுவாகக் கேட்டார். அக்கா, “யாரு சொன்னா?” என்றாள். பிறகு மேசையைச் சுற்றி இரண்டு சுற்று. நாற்காலி விழுந்தது. நான்கு அடி, மூன்று காற்றில், ஒன்று முன்கையில். அவள் நன்றாகச் செய்தாள். சாமான் அறைக் கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது. அக்கா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, அல்லது அப்படி நினைத்தேன்.

ஒரு உதை. கதவு திறந்துகொண்டது.

இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு வினாடி எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அந்த ஓர் அடி. நனைந்த மூட்டையைத் தரையில் போட்டது போல. அவர் கையில் லிஃப்ட் ஸ்பானர் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது என் பக்கத்துக் கணக்கு இல்லை.

வழக்கம்போல அவர் வெளியே போகும்வரை காத்திருந்தேன். கீழே போனேன். அக்கா பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சனிக்கிழமைக்குக் கட்டி வைத்த பெட்டி. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றது கதவைப் பார்த்தபடி நின்றுவிட்டது. முன்கை இன்னும் நான் சொன்ன கோணத்தில் இருந்தது.

“பத்துக்கு எத்தனை?” என்றேன்.

உதட்டை இரண்டு முறை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். “மூணு” என்றாள். “மூணுதான்டா. பயப்படாத.”

மூன்றுக்கு நாங்கள் டாக்டரைக் கூப்பிட்டதே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். உள்ளே போகவில்லை, மோவாயில் வழிந்தது. எதிரே உட்கார்ந்து, அவள் எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நிமிடம், “மேல துணி காயுது, எடுத்துடு” என்றாள். பதினாலாவது நிமிடம் என்னை அப்பா என்று கூப்பிட்டாள். இருபத்திரண்டாவது நிமிடம் வாட்சை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். உங்கள் அறிக்கையில் ‘தம்பி உடனே தகவல் தந்தார்’ என்று இருக்கிறது. அதையும் திருத்த வேண்டும்.

மருத்துவமனையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினார். விலாவில் ஐந்து பழைய முறிவு, எதுவும் சரியாகக் கூடவில்லை. மண்டைக்குள் முன்பே ஒரு கசிவு. “இந்த உடம்ப வச்சுக்கிட்டு இவங்க நடமாடினதே பெரிசு. வலியில கத்தியிருப்பாங்களே, வீட்டுல யாருமே கவனிக்கலையா?” என்றார். கவனித்தேன் என்றேன். ஏழு மாதத் தாள் என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. எல்லாம் பொய். எட்டும் ஒன்பதும் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் என் முகத்தைப் பார்த்து மூன்று என்றிருக்கிறாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அப்பா பெல்ட்டை எடுத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பாள். முடிந்த பிறகு என் பக்கம் திரும்பி, வலிக்கவே இல்லை என்பாள். அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. சரியான எண்ணைக் கொடுத்திருந்தால் நான் சரியாகக் கணக்குப் போட்டிருப்பேன்.

கேம் போன வாரம் வெளிவந்தது. சம்மட்டி அடிக்கான எண்ணை ஊகத்தில்தான் வைத்தேன். அந்த இடத்தில் கேடயக்காரி விழுகிறாள், மூன்று வினாடி கிடக்கிறாள், எழுந்து நிற்கிறாள். கச்சிதம் என்று எழுதுகிறார்கள்.

தாழ்ப்பாள் விஷயம் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில், ‘மனைவி ஊரைவிட்டுப் போகவிருப்பது கணவருக்கு எப்படியோ தெரியவந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியோ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வியாழன் மதியம் நான்தான் போன் செய்தேன். ஒரு மாதமாகக் கை ஓங்காதவர் அன்று மட்டும் தானாக ஓங்குவார் என்று இருந்துவிட முடியாது.

“அத்தான், அக்கா சனிக்கிழமை போறா” என்றேன்.

“சரி மச்சான்” என்றார். பின்னால் லிஃப்ட் மணி அடித்தது.

அதைத் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்க்ரூவை மாற்றினேன், மதியம் இதைச் செய்தேன். ஒரே நாளில் இரண்டு. அதனால், என் அக்கா எதனால் செத்தாள் என்று என்னால் இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.